குளியலறைப் பாய்லரும் புகை போகும் வழியும்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் வரி, தராசு முத்திரை, உரிமம் புதுப்பித்தல் என்று கடை சம்பந்தமான விஷயங்களைத்தான் எழுதி வருகிறோம். இந்த முறை கடையைத் தாண்டி வீட்டுக்குள்ளே, அதுவும் குளியலறைக்குள்ளே போக வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் நமது உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்த சம்பவம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

முன்பக்கம் மளிகைக்கடை, நடுவில் சரக்கு அறை, பின்னால் வீடு. திருப்பூர்ப் பக்கம் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கும் அமைப்புதான். அது ஓர் ஆடி மாதக் காலை. காற்றும் சாரலும். அவர் விடியுமுன்பே பால் வண்டி வருகிறதென்று கடைக்குப் போய்விட்டார். வீட்டம்மா குளியலறையில் இருந்த செம்புப் பாய்லரைப் பற்றவைத்துத் தண்ணீர் காய வைத்தார். காய்ந்ததும் பள்ளிக்கூடம் போகும் சின்னப் பையனை உள்ளே அழைத்துப் போய், சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்தி, கதவையும் சாத்திக்கொண்டு குளிப்பாட்டினார். புகை எதுவும் இல்லை. விறகு எரிந்து முடிந்து தணலாகத்தான் இருந்தது. கால் மணி நேரமாகியும் அவர்கள் வெளியே வரவில்லை. பெரிய பெண் கதவைத் தட்டினாள், பதில் இல்லை. கடைப்பையன் ஓடிவந்து தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தபோது தாயும் பிள்ளையும் தரையில் கிடந்தார்கள்.

நல்ல வேளை, இருவரும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூமில் என்ன எரிச்சீங்க?" என்பது. அவருக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. நம் நண்பருக்குத்தான் புரியவில்லை. "மூணு மார்கழி அதே பாய்லர்லதானுங்க தண்ணி காய வெச்சோம். பைப்புகூட வெச்சிருக்கோமே" என்று நம்மிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பைப் வைத்திருந்தது உண்மை. நாமே போய்ப் பார்த்தோம். அது மேற்குச் சுவரைத் துளைத்து வெளியே ஓரடி நீட்டிக்கொண்டு நின்றது.

அந்த மேற்குச் சுவர் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் தணலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விறகு நன்றாகச் சுடர்விட்டு எரியும்போது அதில் உள்ள கரி காற்றோடு சேர்ந்து பெரும்பாலும் கரியமில வாயுவாகிப் போகும். காற்று போதாதபோதும், சுடர் அடங்கித் தணலாகும்போதும் பாதி எரிந்த வாயுவான கார்பன் மோனாக்சைடு அதிகமாக வரும். இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு இது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டேயிருப்போம், உடம்புக்கு மட்டும் காற்று போய்ச் சேராது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். நம் வீடுகளில் இதைப் பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார்கள். அப்புறம் கால் துவளும், விழுந்துவிடுவோம். புகை இருந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிடுவோம். புகை இல்லாத தணல்தான் ஆளைக் கொல்லும். கேஸ் கீசர் வைத்த குளியலறைகளில் நேரும் மரணங்களுக்கும் இதே வாயுதான் காரணம் என்பதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்தது

நம் பாட்டிமார்கள் ஆயுள் முழுதும் விறகில்தானே வெந்நீர் வைத்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் அடுப்பில் இல்லை, கூரையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வெந்நீர் அடுப்பு பொடக்காணியில் இருந்தது. மேலே தென்னோலையோ நாட்டு ஓடோ, பக்கத்தில் பாதிச் சுவர். ஓட்டுச் சந்துகளில் புகை கசிந்து போய்க்கொண்டே இருக்கும். கூரை கறுத்ததே தவிர மனிதர் மயங்கவில்லை. பிறகு ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டோம். பொடக்காணி போய் நாலு பக்கமும் டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம் வந்தது. காற்றுப் போக முடியாத அந்தப் பெட்டிக்குள் பழைய பாய்லரை மட்டும் அப்படியே தூக்கி வைத்தோம்.

கணக்குப் பார்ப்பது நம் தொழில். ஆகவே இதையும் கணக்காகவே பார்த்துவிடுவோம். நான்கு பேர் குளிக்க 60 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் காய வைக்க 2,400 கிலோகலோரி வெப்பம் வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோகலோரி தரும். சாதாரணப் பாய்லரில் அதில் கால் பங்கு தண்ணீருக்குப் போனால் அதிகம். ஆக இரண்டே முக்கால் கிலோ விறகு எரிக்கிறோம். சிறிய அடுப்பில் ஒரு கிலோ விறகு எரிய நடைமுறையில் எட்டு முதல் பத்து கன மீட்டர் காற்று உள்ளே போகும். மொத்தம் 25 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 அடிக்கு 7 அடி குளியலறை, உயரம் 8 அடி என்றால் அதில் இருக்கும் மொத்தக் காற்று 8 கன மீட்டர். அதாவது ஒரு வேளைக் குளியலுக்கு மூன்று குளியலறை நிறையும் காற்றை அந்தப் பாய்லர் குடித்துவிடுகிறது. கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தால் அந்தக் காற்று எங்கிருந்து வரும்?

ஆகவே புகைபோக்கி என்பது பாதி வேலைதான். காற்று உள்ளே வர வழி செய்வது மறுபாதி. இந்த மறுபாதியைக் கொத்தனாரும் சொல்வதில்லை, பாய்லர் விற்பவரும் சொல்வதில்லை. பைப் வாயின் பரப்பைப் போல இரண்டு மடங்காவது தரையை ஒட்டி ஒரு துவாரம் வேண்டும். 4 அங்குலப் பைப் என்றால் அதன் வாய் பன்னிரண்டரை சதுர அங்குலம். அதற்கு 5 அங்குலத்துக்கு 5 அங்குலத் துவாரம். எலி வராமல் கம்பி வலை அடிக்கலாம், அட்டை வைத்து அடைக்கக் கூடாது. குளிர்கிறது என்று யாராவது அடைத்துவிடுவார்கள் என்ற சந்தேகம் இருந்தால், கதவின் கீழ்ப்பகுதியிலேயே அடைக்க முடியாதபடி ஜாலி வைத்துவிடுவது நல்லது.

எந்த வழியாக வெளியேற்றுவது?

நம் ஊர் வீடுகளில் ஐந்து விதமாகச் செய்து வருகிறார்கள். ஒவ்வொன்றையும் நாம் நேரில் பார்த்தவரையில் சொல்கிறோம்.

முதலாவது, ஒன்றும் செய்யாமல் ஜன்னலைத் திறந்து வைப்பது. எரிப்பது, காய்ந்ததும் தணலை வாரி வெளியே போட்டுத் தண்ணீர் தெளிப்பது, அதன் பிறகே குளிக்கப் போவது என்று ஒழுங்காக இருப்பவர்கள் இதிலேயே காலம் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் அவசரம் போதும். பள்ளி நேரத்தில் ஒழுங்கை நம்பி உயிரை வைக்க முடியாது. இதை நாம் ஒரு வழியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, எக்ஸாஸ்ட் ஃபேன். இதைப் பலர் பெருமையாகக் காட்டுகிறார்கள். பைப் இல்லாமல் ஃபேன் மட்டும் இருந்தால், கரண்ட் போனதும் கதை முடிந்தது. 2012ஆம் ஆண்டு வாக்கில் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கடையை நடத்தினோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பைப்பும் இருந்து ஃபேனும் இருந்தால் இன்னும் மோசம். சாத்திய அறையில் ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்பக் காற்று வேறெங்கிருந்தாவது வர வேண்டுமல்லவா? திறந்திருக்கும் ஒரே வழி புகைபோக்கிதான். போக வேண்டிய வாயு அதே பைப் வழியாகத் தலைகீழாக இறங்கி வரும். பாய்லர் எரியும்போது ஃபேன் போடக் கூடாது.

மூன்றாவதுதான் நம் நண்பர் செய்தது. சுவரைத் துளைத்துப் பைப்பைப் பக்கவாட்டில் வெளியே விடுவது. செலவு குறைவு, தளத்தைத் தொட வேண்டியதில்லை, மழை ஒழுகாது. இப்போது மேற்குச் சுவருக்கு வருவோம்.

புகைபோக்கி எப்படி இழுக்கிறது? உள்ளே சூடான வாயு லேசாக இருக்கிறது, வெளியே குளிர்ந்த காற்று கனமாக இருக்கிறது. அந்த எடை வித்தியாசம்தான் இழுவை. 10 அடி உயரமுள்ள நேரான பைப்பில் 200 டிகிரி சூட்டில் புகை போனால், கிடைக்கும் இழுவை ஒன்றேகால் மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். நன்றாகக் கவனியுங்கள், மில்லிமீட்டர். தணலாகி வாயு 60 டிகிரிக்கு இறங்கிவிட்டால் அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பைப் மேலே ஏறாமல் பக்கவாட்டில் போனால் அந்தக் கொஞ்சமும் கிடைக்காது. இந்தப் பக்கம் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காற்று சுவரில் மோதினால் அதன் அழுத்தம் ஒன்றரை மில்லிமீட்டர். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊருக்கு மேற்கே மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து நிற்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாய் வழியாகத்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம், திருப்பூர் பக்கமெல்லாம் பாய்கிறது. அதை நம்பித்தானே இந்தப் பகுதியில் காற்றாலைகளை நட்டார்கள்! காற்றாலை இறக்கையைச் சுற்றும் காற்று ஒரு புகைப் பைப்பைச் சும்மா விடுமா? மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது மேற்குச் சுவர் காற்றுக்கு மறைவான பக்கம். மூன்று மார்கழிகள் ஆபத்தில்லாமல் ஓடியது அதனால்தான். ஆடி பிறந்ததும் அதே பைப் காற்றை உள்ளே ஊதும் துருத்தியாக மாறிவிட்டது.

சரி, அப்படியானால் கிழக்குச் சுவரில் துளையிட்டால் போதுமா என்று கேட்டார்கள். ஆடிக்குப் போதும், ஐப்பசிக்குப் போதாது. எந்தப் பக்கச் சுவரில் வைத்தாலும் வருஷத்தில் சில மாதம் காற்று எதிரில் நிற்கும். சுவர் வழியாகத்தான் போக முடியும் என்றால், சுவரைத் தாண்டியதும் எல்போ போட்டு, வெளிச்சுவரை ஒட்டியபடி மேலே ஏற்றிக் கைப்பிடிச் சுவருக்கும் மேலே கொண்டு போய்விட வேண்டும். அப்படிச் செய்தால் அது நான்காவது வழியின் சகோதரன் ஆகிவிடுகிறது. வெளியே போகும் பைப் சீக்கிரம் ஆறிவிடும் என்ற குறை மட்டும் இருக்கும்.

நான்காவது, தளத்தின் வழியாக நேராக மேலே. இழுவைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பாய்லரின் நடுக்குழாய் ஏற்கெனவே செங்குத்தாகத்தான் நிற்கிறது, அதன் தலையில் பைப்பை மாட்டி மேலே ஏற்றினால் வளைவே இல்லை. வளைவு தவிர்க்க முடியாவிட்டால் நேர்க்கோண எல்போ ஒன்றைவிட அரைக்கோண வளைவுகள் இரண்டு போடுவது மேல். படுக்கையாகப் போகும் பகுதி ஓரடிக்கு ஓரங்குலமாவது மேல்நோக்கி ஏற வேண்டும்.

மொட்டை மாடிக்கு வந்த பிறகு எவ்வளவு உயரம்? தளத்துக்கு மேலே குறைந்தது 3 அடி. அத்துடன் சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் கைப்பிடிச் சுவர், தண்ணீர் டேங்க், மாடிப்படி அறை எதுவாக இருந்தாலும் அதைவிட 2 அடி உயரம். அதற்குக் கீழே நின்றால் காற்று அந்தச் சுவரில் மோதிச் சுழன்று பைப்பின் தலையில் இறங்கும். தலையில் மழைத்தொப்பி வேண்டும். காற்று அதிகம் அடிக்கும் திறந்த வெளி வீடுகளுக்கு வெறும் கூம்புத் தொப்பியைவிட ஆங்கில டி எழுத்து வடிவில் இருபுறமும் வாய் திறந்த தலை நல்லது. எந்தத் திசையில் காற்று அடித்தாலும் மறுபக்கம் வழி இருக்கும். நம் ஊரில் மாடிக்கு மாடி முட்டிக்கொண்டு நிற்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நமது பைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே நின்றால் அங்கே சண்டை; பக்கத்துப் பனியன் கம்பெனி துணி காயப்போடும் மாடிக்கு நேரே நின்றால் அது வேறு சண்டை.

தளத்தைத் துளைக்கும்போது கம்பியை அறுத்துவிடாமல் என்ஜினீயரைக் கேட்டு இடம் குறித்துக்கொள்ளுங்கள். 4 அங்குலப் பைப் போவதற்கு 6 அங்குல உறை ஒன்றைத் தளத்தில் பதித்து, நடு இடைவெளியில் சாயப்பட்டறை ஸ்டீம் லைன்களுக்குச் சுற்றுகிறார்களே, அந்தக் கண்ணாடிப் பஞ்சைத் திணிக்க வேண்டும். நேரடியாகச் சிமெண்ட் பூசி அடைத்தால் பைப் சூட்டில் விரிந்து சுருங்கி ஒரே வருஷத்தில் பூச்சு விரிசல் விடும். பிறகு மழைக்காலத்தில் அந்த வழியே தண்ணீர் ஒழுகும்போது பாய்லரைத் திட்டிப் பயனில்லை.

ஐந்தாவது வழியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் நமக்கு அதுவே மிகவும் பிடித்தது. நெருப்பையே வீட்டுக்குள் விடாமல் இருப்பது. தண்ணீர் அண்டா குளியலறைச் சுவருக்கு உள்பக்கம், அடுப்பு வாய் சுவருக்கு வெளிப்பக்கம். விறகு வைப்பதும் சாம்பல் அள்ளுவதும் வெளியே. குழாயைத் திறந்தால் வெந்நீர் உள்ளே. கர்நாடக மலைநாட்டுப் பழைய வீடுகளில் 'ஹண்டே' என்று சொல்லும் பெரிய செம்பு அண்டாவைக் குளியலறை அடுப்பிலேயே பதித்துக் கட்டியிருப்பார்கள். நம் கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளிலும் சுவருக்கு வெளியே அடுப்பு வாய் வைத்த அமைப்பை நாம் பார்த்திருக்கிறோம். பின்பக்கம் மூன்றடிச் சந்து இருந்தால்கூட இதைச் செய்யலாம். அப்போதும் புகைபோக்கி வேண்டும், ஆனால் அது தவறினால் யாரும் மயங்கி விழ மாட்டார்கள். பாய்லரையே தூக்கிப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்து, வெந்நீரை வாளியில் கொண்டுவருவதும் இதே ரகம்தான். அழகாக இருக்காது. அதனால் என்ன?

பைப் எதில் செய்வது

பி.வி.சி. பைப்பை வைத்தவர்களையும் பார்த்தோம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, அது உருகும், உருகும்போது விஷவாயு விடும். அரசாங்கம் 1980களில் தொடங்கி 2002 வரை புகையில்லா அடுப்புத் திட்டம் நடத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் புகைபோக்கிகள் ஏராளமாக வீடுகளில் ஏறின. அவற்றில் சில இன்னும் நிற்கின்றன. நிற்பது நிற்கட்டும், ஆனால் விரிசல் விட்டதை அறுப்பதோ தேய்ப்பதோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. புதிதாக அதை வாங்குவதில் அர்த்தமில்லை. ஜி.ஐ. தகரப் பைப் மலிவு. ஆனால் புகையில் வரும் புளிப்பு நீர் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும், சில வருஷத்தில் ஓட்டை விழும். எவர்சில்வர் தகடு விலை அதிகம், உழைப்பும் அதிகம். செங்கல் புகைபோக்கி கட்டினால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இழுவை நிலையாக இருக்கும். உட்பக்கம் பூச்சு வழுவழுப்பாக இருக்க வேண்டும்.

பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பேர்போன அனுப்பர்பாளையம் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பாய்லர் வாய்க்கும் பைப்புக்கும் பொருந்தும்படி காலர் அடித்துக் கொடுக்க அங்கே உள்ள பட்டறைக்காரர்களைவிட வேறு யார் வேண்டும்? ஒன்று மட்டும் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். மேல் பைப் கீழ்ப் பைப்புக்கு உள்ளே இறங்க வேண்டும், மழைநீர்க் குழாய் மாட்டுவது போல. புகை மேலே போகிறதே என்று நினைத்துச் சிலர் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள். புகை கசிவதைவிடக் கரிநீர் ஒழுகுவதுதான் அதிகம். தலைகீழாக மாட்டினால் வெள்ளைச் சுவரில் தார் வழிந்தது போல் ஆகிவிடும். பாய்லர் வாயைவிடச் சின்னப் பைப் எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம்.

பாய்லர் என்றதும் லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டவரும் உண்டு. சாயப்பட்டறைகளில் நீராவி உண்டாக்கும் பாய்லருக்குத்தான் 1923ஆம் ஆண்டின் பாய்லர் சட்டம் பொருந்தி வந்தது. 2025ஆம் ஆண்டு அதன் இடத்தில் புதிய சட்டம் வந்திருக்கிறது. கொதிநிலைக்குக் கீழே தண்ணீரைச் சுட வைக்கும் வீட்டுப் பாய்லர் அந்தக் கணக்கில் வராது. ஆனால் அதன் மேல்புறத் தண்ணீர்ப் புனலையோ ஆவி போகும் துவாரத்தையோ யாராவது மூடிப் போட்டு இறுக்கிவிட்டால், அது சட்டம் சொல்லும் பாய்லரைவிட ஆபத்தான குண்டாகிவிடும். நம் ஊர்ப் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதால் அந்தத் துவாரம் தானாகவே அடைத்துக்கொள்ளவும் கூடும். உள்ளே படியும் உப்புப் படலம் சூட்டைத் தண்ணீருக்கு விடாது. விறகு அதிகம் செலவாகும். மாதம் ஒரு முறை பார்த்துச் சுரண்டிவிடுங்கள்.

என்ன எரிக்கிறோம் என்பதும் முக்கியம். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அதைக் காசு கொடுத்து வாங்கி, ஆவியாக்கவும் விறகைச் செலவு செய்கிறோம். அதோடு குளிர்ந்த புகை பைப்பின் உள்சுவரில் கீலாகப் படிகிறது. கீல் தடித்தால் இழுவை போகும், ஒரு நாள் அந்தக் கீலே பற்றிக்கொண்டு பைப் முழுதும் நெருப்பாகும். வேலிக்காத்தான் விறகானாலும் வேம்பானாலும் பிளந்து ஆறு மாதம் நிழலில் காய வைத்தது நல்லது. காங்கயம் பக்கம் கொப்பரைக் களங்களிலிருந்து கிடைக்கும் தேங்காய்த் தொட்டி நல்ல சூடு தரும், ஆனால் ஒரேயடியாக அள்ளிப் போட்டால் கீல் அதிகம் வரும். பைப்பை மாதம் ஒரு முறை கயிற்றில் சாக்குப் பந்து கட்டி மேலும் கீழும் இழுத்துத் துடைக்க வேண்டும்.

பனியன் வேஸ்ட்டைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் சும்மா கிடைப்பதாக நினைத்து அடுப்பு மூட்ட எல்லோரும் அதைத்தான் எடுக்கிறோம். முன்பு அது சுத்தப் பருத்தி. இன்று பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்தது. எது எந்தத் துணி என்று கையால் தொட்டுத் தெரிவதில்லை. அதையும், எண்ணெய்ப் பாக்கெட் உறை, பிளாஸ்டிக் சாக்கு போன்ற கடைக் குப்பையையும் குளியலறைப் பாய்லரில் போடுவது வேண்டவே வேண்டாம். மூட்டுவதற்குக் காய்ந்த தென்னம் பன்னாடை போதும்.

சரக்கு அறைக்குப் பக்கத்தில்

கடையும் வீடும் சேர்ந்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலை இருக்கிறது. பைப் சரக்கு அறை வழியாகவோ அதன் சுவரை ஒட்டியோ போனால், ஒற்றைத் தகரப் பைப்பிலிருந்து ஒன்றரை அடிக்குள் கோணிச்சாக்கு, அட்டைப்பெட்டி, தீப்பெட்டிப் பண்டல், கற்பூரம் எதுவும் இருக்கக் கூடாது. இன்று நாம் தள்ளி வைப்போம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் இரவில் கடைப்பையன் எங்கே அடுக்குவான் என்று சொல்ல முடியாது. ஆகவே சரக்கு அறைப் பக்கம் பைப்பே போகாதபடி வழி எடுப்பதுதான் உத்தமம். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. டீத்தூளும் மாவும் புகை வாடையை இழுத்துக்கொள்ளும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஊத்துக்குளி வெண்ணெயைப் பக்கத்தில் வைத்தால் வாடிக்கையாளர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியூரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் ஆறு வீட்டுக்கு ஒரு குளியலறை என்று இருக்கிறார்கள். குளிர் நாளில் அவர்கள் அந்தக் குளியலறைக்குள்ளேயே மூன்று கல் வைத்து மூட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். புகை வருகிறது, சுவர் கறுக்கிறது என்று சத்தம் போட்டால் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டுவார்கள், அவ்வளவுதான். பின்பக்கம் ஒரு தகரத் தடுப்பும் அடுப்பும் கட்டிக் கொடுத்தால் ஒரு மாத வாடகைகூட ஆகாது.

இந்தப் புகை விஷயத்தில் நம் நாட்டில் யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. தஞ்சாவூரில் பிறந்து காந்தியடிகளோடு சேர்ந்த ஜே.சி. குமரப்பா நடத்திய கிராமத் தொழில் சங்கம் வார்தா மகன்வாடியில் இயங்கியது. 1947இல் அங்கே உருவான புகைபோக்கி அடுப்புக்கு 'மகன் சூலா' என்றே பெயர். ஹைதராபாத்தில் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் எஸ்.பி. ராஜு 1953இல் புகையில்லாச் சமையலறைக்கு அடுப்பு அமைத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 'அஸ்த்ரா' குழுவினர் புகைபோக்கியோடு கூடிய 'அஸ்த்ரா ஒலெ'யைச் செய்தார்கள். எல்லாம் சமையலறையை நினைத்துச் செய்தவை. குளியலறை யாருடைய கண்ணிலும் அதிகம் படவில்லை. அங்கே ஆண்கள் புகையை அனுபவிக்க நேரமே இல்லை, மூட்டி வைப்பது பெண்கள்தானே.

யாராவது மயங்கிவிட்டால் என்ன செய்வது? உள்ளே ஓடி உட்கார்ந்து எழுப்பிப் பார்க்க வேண்டாம், போகிறவரும் விழுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளிக் காற்றுக்கு இழுத்து வந்து, 108க்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக 'விறகுப் பாய்லர், சாத்திய அறை' என்று சொல்லிவிடுங்கள். ஏனென்றால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இந்த வாயுவையும் ஆக்சிஜனாகவே எண்ணி நல்ல அளவு காட்டும். அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. கார்பன் மோனாக்சைடு இருந்தால் சத்தம் போடும் சிறு அலாரம் கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்கலாம்.

புதிதாகப் பைப் வைத்தவர்கள் முதல் நாள் செய்து பார்க்க ஒரு சோதனை. குளியலறைக் கதவையும் ஜன்னலையும் வழக்கமாகக் குளிக்கும்போது எப்படிச் சாத்துவீர்களோ அப்படிச் சாத்துங்கள். பாய்லர் எரியட்டும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பாய்லர் வாய்க்கு அருகே பிடியுங்கள். பத்திப் புகை வாய்க்குள் இழுபட்டால் இழுவை சரி. அங்கேயே சுற்றினாலோ வெளியே வந்தாலோ உடனே கதவைத் திறந்துவிட்டுத் தணலை வெளியே வாருங்கள். சரியாக இருந்தால் தணலாகும் சமயத்தில் ஒரு முறை, ஆடிக் காற்று பலமாக அடிக்கும் நாளில் ஒரு முறை, மறுபடியும் பார்க்க வேண்டும். சோதிக்கும்போது இன்னொருவர் கதவுக்கு வெளியே நிற்கட்டும்.

நம் நண்பர் வீட்டில் இப்போது பாய்லர் பின்பக்கச் சந்துக்குப் போய்விட்டது. சந்து மூன்றரை அடிதான். மேலே தகரம், பைப் கைப்பிடிச் சுவரைத் தாண்டி இரண்டடி. வெந்நீர் குழாய் மட்டும் சுவரைத் துளைத்துக் குளியலறைக்குள் வருகிறது. பழைய மேற்குச் சுவர்த் துளையை அடைக்கலாமா என்று கேட்டார். அதைக் கீழே இறக்கி வலை அடித்துக் காற்றுத் துவாரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். போன வாரம் போனபோது பார்த்தோம், பைப்பின் தலையில் மைனா கூடு கட்டத் தொடங்கியிருந்தது. கோடையில் மூட்டாமல் விட்டால் இப்படித்தான். மழைக்காலத்தில் முதல் முறை மூட்டுமுன் மேலே ஏறிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.